குளம்படிக்குச் சாட்சி தேடியவர்கள்

இங்கிலாந்துக் கிராமத்துப் பாதைகளில் நடைவழி என்று பதிவானதில் நடந்து போகத்தான் பொதுமக்களுக்குப் பாத்தியதை உண்டு. குதிரைப்பாதை என்று பதிவானால் நடக்கலாம், குதிரையில் ஏறிப் போகலாம், அதைக் கையில் பிடித்துக்கொண்டும் போகலாம். 1968 முதல் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு. ஆனால் சைக்கிள்காரர் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். அரசு வரைபடத்தில் பாதைக்கு எந்தப் பெயர் விழுகிறது என்பதற்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர்கள் பெரும்பாலும் வக்கீல்கள் அல்லர், அந்தந்த ஊர்க்காரர்கள்.

வழக்குகளின் வேர் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஊரிலுள்ள பொது வழிகளையெல்லாம் கணக்கெடுத்து, சட்டப்படி செல்லும் அறுதி வரைபடம் தயாரிக்க வேண்டும் என்று அது கவுண்டி கவுன்சில்களுக்கு ஆணையிட்டது. நடைவழி, குதிரைப்பாதை ஆகியவற்றோடு ‘பொதுப்பாதையாகப் பயன்படும் சாலை’ என்று மூன்றாவதாக ஒரு வகையும் வந்தது. அதில் யாருக்கு என்ன உரிமை என்பது தெளிவாகச் சொல்லப்படவில்லை. 1968-இல் அத்தகைய பாதைகளை மறுவகைப்படுத்தச் சொன்னார்கள். அப்போது சில பாதைகள் வெறும் நடைவழிகளாக இறக்கப்பட்டன.

அப்படி இறக்கப்பட்ட ஒரு பாதைக்காக ஹூட் என்ற பெண்மணி அமைச்சரையே எதிர்த்து நீதிமன்றம் போனார். 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் டென்னிங் பிரபு அமர்ந்த அமர்வு அவர் பக்கம் தீர்ப்பளித்தது. வரைபடத்தில் ‘பொதுப்பாதையாகப் பயன்படும் சாலை’ என்று பதிவானதே குதிரையில் செல்லும் உரிமைக்கு முடிவான சான்று. புதிய ஆதாரம் எதுவும் இல்லாமல், மறுவகைப்படுத்தல் என்ற பெயரில் அதைப் பறிக்க முடியாது என்றது அமர்வு. ஒருவர் விடாப்பிடியாக நின்றதால், இதே நிலையில் இருந்த எத்தனையோ பாதைகளுக்குக் காவல் கிடைத்தது.

வரைபடத்தில் ஏறாமலே போன பாதைகளின் கதை இன்னும் கடினம். 20 ஆண்டுகள் தடையின்றி, பலவந்தமோ ஒளிவுமறைவோ அனுமதியோ இல்லாமல் மக்கள் புழங்கியிருந்தால், நில உரிமையாளர் அதைப் பொதுவழியாக விட்டுவிட்டார் என்று சட்டம் அனுமானிக்கும். யாராவது கேட்டைப் பூட்டி உரிமை கேள்விக்குள்ளாகும் நாளிலிருந்து பின்னோக்கி அந்த 20 ஆண்டுகளை எண்ண வேண்டும். எனவே பாதையை வரைபடத்தில் ஏற்ற விண்ணப்பிப்பவர் வீடு வீடாகச் சாட்சிப் படிவத்தோடு ஏறி இறங்குவார். எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை போனீர்கள், குதிரையிலா நடந்தா, வழியில் கேட் இருந்ததா, பூட்டியிருந்ததா, பலகை ஏதாவது கண்டீர்களா, யாராவது திருப்பி அனுப்பினார்களா? இத்தனைக்கும் பதில் எழுதி, வரைபடத்தில் தடத்தைக் கோடு போட்டுக் கையெழுத்திட வேண்டும். முதியவர்களின் நினைவு தவறுவதற்குள் இதைச் செய்து முடித்தாக வேண்டும்.

வாய்ச்சாட்சி கிடைக்காத பாதைக்கு ஆவணக் காப்பகம்தான் கதி. 1910-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் நிலத்தின் மதிப்பு உயர்வுக்கு வரி போட்டது. நிலத்தின் குறுக்கே பொதுவழி ஓடினால் மதிப்பில் கழிவு கேட்கலாம். வரி குறைய வேண்டுமென்று அன்றைய உரிமையாளரே ஒப்புக்கொண்ட பொதுவழி, மதிப்பீட்டாளரின் புத்தகத்தில் ஒரு தொகையாக நிற்கிறது. அவருடைய நிலத்தை இன்று வைத்திருப்பவர் வழியே இல்லை என்று சாதிக்கும்போது, இதைவிட வலுவான சான்றுகள் குறைவு.

உரிமையாளர்களுக்கும் ஒரு மறுப்பு வழி இருந்தது: பொதுவழியாக விடும் எண்ணம் தமக்கு இல்லை என்று காட்டுவது. குத்தகைப் பத்திரத்தில் ஒரு ஷரத்து, கவுன்சிலுக்குத் தனியாக எழுதிய ஒரு கடிதம் ஆகியவற்றைக்கூட இதற்குக் காட்டினார்கள். 2007-இல் காட்மன்செஸ்டர் வழக்கில் பிரபுக்கள் சபை அதை ஏற்கவில்லை. பாதையில் போகிறவர்களுக்குத் தெரியாத மறுப்பு மறுப்பாகாது என்று ஹாஃப்மன் பிரபு விளக்கினார். சாமானியருக்குக் கிடைத்த பெரிய நியாயம் இது.

ஆனால் 2000-ஆம் ஆண்டுச் சட்டம், 1949-க்கு முந்தைய பதிவாகாத பாதைகளை வரைபடத்தில் ஏற்ற 2026 ஜனவரி 1 என்று கெடு வைத்திருந்தது. 2023-இல் இங்கிலாந்தில் அதை 2031-க்குத் தள்ளிவைப்பதாகச் சொன்னார்கள். 2024 டிசம்பரில் கெடுவையே நீக்கப்போவதாக அரசு அறிவித்தது. நூற்றாண்டுகளாகப் புழங்கிய வழியை ஒரு தேதியால் அழிக்க நினைத்ததே தவறு. கெடு போனாலும் காத்திருப்பு போகாது: 12 மாதங்களில் கவுன்சில் முடிவெடுக்காவிட்டால், விண்ணப்பதாரரே அமைச்சருக்கு எழுதி உத்தரவு கேட்க வேண்டியிருக்கிறது.