பாதை என்ற சொல்: மாவலியின் கழிமுகத்திலிருந்து ஒரு குறிப்பு

திருகோணமலையிலிருந்து தரைவழியாக மூதூருக்குப் போகிறவர்கள் இன்று கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி ஆகிய பாலங்களைக் கடக்கிறார்கள். முன்பு இவை எல்லாம் துறைகள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிச் சென்ற மிதவைக்கு எங்கட பக்கத்தில் 'பாதை' என்றுதான் பெயர். "பாதை அக்கரையில நிக்குது" என்றால், அது வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். பாதை எப்படி நிற்கும், எப்படி வரும் என்று சின்ன வயதில் எனக்கு வேடிக்கையாக இருக்கும். வரலாறு படிக்கத் தொடங்கிய பின்னர்தான், எங்கள் வாழ்வில் தண்ணீரே தெருவாக இருந்ததை அந்தச் சொல் சொல்கிறது என்று விளங்கியது.

335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, வெருகலுக்கு ஒரு கிளையை அனுப்பிவிட்டு, கொட்டியாரக் குடாவில் கடலோடு சேர்கிறது. கோடையில் உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும். மாரி வெள்ளம் அதைத் திருப்பித் தள்ளும். இந்த இழுபறியை ஊர்ப்பெயர்களே பதிந்து வைத்திருக்கின்றன. உப்பாறு என்றால் உவர்நீர். இறால்குழி என்றால் அந்த உவர்நீர் கொடுத்த சீவியம்.

நாம் எழுதும் முஸ்லிம் வரலாறு பெரும்பாலும் கடலைப் பார்த்தே நிற்கிறது: அறபுக் கப்பல்கள், துறைமுகங்கள், வணிகர்கள். ஆனால் கழிமுகத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று கடலுக்கு, மற்றது உள்நாட்டுக்கு. புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலில் வந்த றொபட் நொக்ஸ், 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்களிடம் இங்குதான் பிடிபட்டார். பத்தொன்பது வருடங்களுக்கு மேலாக அவரால் கண்டி இராச்சியத்தை விட்டுத் தப்ப முடியவில்லை. மலைநாட்டு அரசனின் கை இந்தக் கடற்கரைவரை நீண்டிருந்தது. ஆகவே கப்பல் வந்த கதையை மட்டும் எழுதிவிட்டு, வந்தவர்களும் இருந்தவர்களும் ஆற்றோடு எப்படி வாழ்ந்தார்கள் என்பதை விட்டுவிட்டால், அது அரைவாசி வரலாறுதான்.

2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன்பின் மற்றத் துறைகளிலும் பாலங்கள் வந்தன. பாதைக்காகக் காத்திருந்து, நேரத்துக்கு ஆசுபத்திரி போய்ச்சேர முடியாத நோயாளிகளை நினைத்தால், அந்தக் காலம் திரும்ப வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார்கள். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாதிருந்த நிலையில், 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வபாத்தானார்கள். பாதை என்பது எங்களுக்கு இனிய நினைவு மட்டுமல்ல.

அதனால்தான் சொல்கிறேன்: துறைகளில் பாதை இழுத்தவர்கள், அதில் நெல்லும் மீனும் ஏற்றியவர்கள், மணப்பெண்ணையும் ஜனாஸாவையும் அக்கரைக்குக் கொண்டுபோனவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பாலத்தில் போகும் எங்கட பிள்ளைகளுக்குப் பாதை என்றால் தார் றோட்டு மட்டும்தான்.