கன்றுக்குட்டியும் கேடகமும்

சாலொமோனின் மகன் ரெகொபெயாம் அகந்தையால் பத்துக் கோத்திரங்களை இழந்தான். வடக்கே ராஜாவான யெரொபெயாம் கைக்கு வந்த பத்தையும் விக்கிரகத்தால் கெடுத்தான். பிரசங்கங்களில் நாம் கேட்டுப் பழகிய இந்தத் தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் இருவரில் கர்த்தரின் சொல்லுக்குப் பணிந்தவன் யார் என்று பார்த்தால் தராசு சற்றே ஆடுகிறது.

யெரொபெயாமுக்குக் கிடைத்தது வாக்குத்தத்தம். தீர்க்கதரிசி அகியா தன் புதுச் சால்வையைப் பன்னிரண்டாகக் கிழித்துப் பத்துத் துண்டுகளை அவனிடம் கொடுத்தான்; கீழ்ப்படிந்து நடந்தால் தாவீதின் வீட்டைப் போல் நிலைத்த வீடு அமையும் என்றும் சொன்னான். ரெகொபெயாமுக்குக் கிடைத்ததோ வெறும் தடை: சகோதரரோடு யுத்தம் செய்யாதே. 1,80,000 வீரர் எருசலேமில் கூடிவிட்ட நேரம் அது. தேவமனிதன் செமாயாவின் சொல் கேட்டு அத்தனை பேரும் வீடு திரும்பினார்கள். சீகேமில், பாரத்தைக் குறைக்கக் கேட்ட ஜனத்தை, வாலிபர் பேச்சைக் கேட்டு, தேள்களால் தண்டிப்பேன் என்று மிரட்டியவனா இவன்? (அவனுக்கு அப்போது 41 வயது. உடன் வளர்ந்த அந்த ‘வாலிபர்’களும் நாற்பதை ஒட்டியவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும்.)

தடை பெற்றவன் பணிந்தான். வாக்குப் பெற்றவன் பயந்தான். பண்டிகைக்கு எருசலேம் போகிற ஜனம் அங்கேயே மனம் மாறிவிடும் என்பது யெரொபெயாமின் கணக்கு. அரசியலாகப் பார்த்தால் அசட்டுக் கணக்கும் அல்ல. அவன் வேறு தெய்வத்தைத் தேடவில்லை. எகிப்திலிருந்து மீட்டவர் என்று சொல்லித்தான் பெத்தேலிலும் தாணிலும் பொன் கன்றுக்குட்டிகளை நிறுத்தினான். கொடுத்தவரை நம்பாமல், கொடுக்கப்பட்டதைக் காக்க முனைந்தான்.

எகிப்து விஷயத்திலும் ஒரு வேடிக்கை. சாலொமோனுக்குத் தப்பி ஓடிய யெரொபெயாமுக்கு அடைக்கலம் தந்த அதே எகிப்து ராஜா சீஷாக், ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எருசலேமைக் கொள்ளையிட்டான். ஒருவனுக்குப் புகலிடம், மற்றவனுக்குப் பகை என்று முடித்துவிடலாம் போலிருக்கிறது. ஆனால் சீஷாக் என்று பெரும்பாலான ஆய்வாளர் கருதும் முதலாம் சேஷோங்க், கர்னாக் கோயில் சுவரில் பொறித்த ஊர்ப் பட்டியலில் வடதேச ஊர்களும் இருக்கின்றன. மெகிதோவில் அவன் பெயர் பொறித்த கற்பலகைத் துண்டே கிடைத்தது. அடைக்கலம் தந்தவன் வடக்கையும் விடவில்லை.

இருவரும் மிக நெருங்கி நிற்கும் இடம் இனிதான் வருகிறது. சாலொமோன் செய்த பொன் கேடகங்கள் சீஷாக்கின் கொள்ளையில் போனபின் ரெகொபெயாம் வெண்கலத்தில் செய்துகொண்டான். ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அவற்றைப் பிடித்து முன்னே நடப்பார்கள்; பிறகு தங்கள் அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். பவனி குறையவில்லை, பொன்தான் இல்லை. வடக்கிலோ பொன்னுக்குக் குறைவில்லை. ஆனால் மகன் அபியா நோயில் விழுந்தபோது யெரொபெயாம் பெத்தேலுக்கும் போகவில்லை, தாணுக்கும் போகவில்லை. மனைவிக்கு மாறுவேடம் போட்டு, பத்து அப்பமும் பணியாரமும் ஒரு கலசம் தேனும் கொடுத்து, சீலோவிலிருந்த கிழ அகியாவிடம் அனுப்பினான். கண் தெரியாத தீர்க்கதரிசியிடம் போக எதற்கு வேடம்? தான் நிறுத்திய கன்றுக்குட்டிகளை அவனே நம்பவில்லை என்பது நாட்டுக்குத் தெரியக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. ரெகொபெயாம் இழப்பை மறைத்தான். யெரொபெயாம் அவநம்பிக்கையை மறைத்தான்.

குற்றப் பட்டியலிலும் தெற்கு பின்தங்கவில்லை. மேடைகள், சிலைகள், தோப்புகள் எல்லாம் ரெகொபெயாம் காலத்து யூதாவிலும் உண்டு. எனினும் வடதேச ராஜாக்களையே ‘யெரொபெயாமின் பாவம்’ என்ற அளவுகோல் துரத்துகிறது. இதை யூதாவின் எழுத்தர் காட்டிய ஓரவஞ்சனை என்று ஓரளவு சொல்லலாம். முழுக்கச் சொல்ல முடியாது. ரெகொபெயாமின் விலகல் சறுக்கல். சீஷாக் வந்தபோது அவன் தன்னைத் தாழ்த்தியதையும் நாளாகமம் சொல்கிறது. யெரொபெயாமின் விலகலோ ஏற்பாடு: தனி ஆசாரியர், எட்டாம் மாதம் பதினைந்தாம் தேதிப் பண்டிகை, அரசே நடத்திய வழிபாடு. சறுக்கலை ரெகொபெயாமின் பேரன் ஆசாவே பெருமளவு சரிசெய்தான். விக்கிரகங்களை அகற்றினான், மேடைகள் மட்டும் நின்றன. ஏற்பாட்டையோ, பாகாலின் கோயிலை இடித்த வடதேச ராஜா யெகூகூடத் தொடவில்லை. பெத்தேலின் பலிபீடம் விழ யோசியா வர வேண்டியிருந்தது. அவன் ரெகொபெயாமின் வம்சத்தான். அதற்குள் வடதேசம் அசீரியரிடம் விழுந்து ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆகியிருந்தன.