உப்சாலாவில் ஒரு பிப்ரவரி நாள்

மறதியின் வரலாறு – 12

2002 பிப்ரவரி 14. சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக நகரம். அங்கிருந்த பெட் ஸ்கேன் மையத்தில் அல்சைமர் நோயாளி ஒருவர் கருவிக்குள் படுத்திருந்தார். அவருடைய ரத்தக் குழாயில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். அதன் எடை மைக்ரோகிராம் கணக்கில் அளக்க வேண்டிய அளவு. அது நோயைக் குணப்படுத்த வந்த மருந்தல்ல. மூளைக்குள் போய், அமிலாய்டு புரதம் படிந்திருக்கும் இடங்களில் ஒட்டிக்கொண்டு, 'இங்கே இருக்கிறது' என்று சொல்வது மட்டுமே அதன் வேலை.

1906-ல் அலோய்ஸ் அல்சைமர், இறந்துபோன ஒரு பெண்ணின் மூளைத் திசுவுக்கு வெள்ளி உப்பால் நிறமேற்றி, நுண்ணோக்கியில் கண்ட அமிலாய்டு படிவுகளையும் நார்ச் சிக்கல்களையும் பற்றிச் சென்ற வாரம் பார்த்தோம். அதன் பிறகு தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைமை அதிகம் மாறவில்லை. 1984-ல் அமெரிக்க வல்லுநர்கள் வகுத்த நோயறி விதிகளும், உயிரோடு இருப்பவருக்கு 'அல்சைமராக இருக்கக்கூடும்' என்றுதான் மருத்துவர் எழுத முடியும் என்றன. உறுதிசெய்ய மூளைத் திசு வேண்டும். நடைமுறையில் அதற்குப் பிரேதப் பரிசோதனை வரை காத்திருக்க வேண்டும்.

துணிச் சாயத்தில் தொடங்கிய வழி

இந்தக் கதையின் வேர் ஜெர்மனியின் துணிச் சாயத் தொழிலில் இருக்கிறது. 1880-களில் பருத்தித் துணிக்கென உருவான 'காங்கோ ரெட்' என்ற சிவப்புச் சாயம் அமிலாய்டு படிவுகளையும் பற்றிக்கொள்கிறது என்று 1922-ல் ஹான்ஸ் பென்ஹோல்ட் கண்டறிந்தார். 1959-ல் தயோஃப்ளேவின் டி என்ற இன்னொரு சாயமும் அதே வேலைக்கு வந்தது. மூளையைப் பொறுத்தவரை இரண்டும் பிணக்கூறாய்வு மேசையின் கருவிகளாகவே இருந்தன.

இந்தச் சாயங்களை உயிருள்ள மூளைக்குள் அனுப்பினால் என்ன என்று யோசித்தவர், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மனநல மருத்துவர் வில்லியம் க்ளங்க். யோசனை எளிது, வழியில்தான் ஒரு காவல் இருந்தது. ரத்தத்தில் வரும் எல்லாவற்றையும் மூளை உள்ளே விடுவதில்லை. ரத்தக் குழாய்களின் சுவர் செல்கள் நெருக்கமாகப் பின்னி நின்று, மின்னூட்டம் கொண்ட மூலக்கூறுகளைப் பெரும்பாலும் தடுத்துவிடும். காங்கோ ரெட் எதிர்மின்னூட்டம் உடையது. தயோஃப்ளேவின் டி நேர்மின்னூட்டம் உடையது. இரண்டுக்கும் வாசல் மூடியிருந்தது.

க்ளங்க் முதலில் காங்கோ ரெட் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் போராடினார். கதிரியக்க வேதியியலாளர் செஸ்டர் மேதிஸ் அவரோடு சேர்ந்தார். பிறகு இருவரும் தயோஃப்ளேவின் பக்கம் திரும்பினார்கள். அதன் நைட்ரஜன் அணுவில் தொங்கிய ஒரு மெத்தில் தொகுதியை நீக்கியதும் மின்னூட்டம் போனது, வாசல் திறந்தது. ஆனால் உள்ளே போனால் மட்டும் போதாது. ஒட்ட வேண்டிய இடத்தில் இறுக ஒட்ட வேண்டும். மற்ற இடங்களிலிருந்து சீக்கிரம் வெளியேற வேண்டும். இல்லாவிட்டால் படம் முழுக்க ஒரே மங்கலாக இருக்கும். ஒரு ஹைட்ராக்சில் தொகுதியைச் சேர்த்ததும் அந்தக் குறையும் தீர்ந்தது. இப்படி உருவான மூலக்கூறை 'பிட்ஸ்பர்க் காம்பவுண்ட் பி' என்று உப்சாலா குழு அழைத்தது. சுருக்கமாக 'பிப்'.

அந்த மூலக்கூறில் ஒரு கார்பன் அணுவுக்குப் பதிலாகக் கதிரியக்கக் கார்பன்-11 வைக்கப்படுகிறது. அது சிதையும்போது ஒரு பாசிட்ரானை உமிழ்கிறது. பாசிட்ரான் பக்கத்து எலக்ட்ரானோடு மோதி அழிய, இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பாய்கின்றன. தலையைச் சுற்றியுள்ள பெட் கருவியின் உணர்விகள் அவற்றைப் பிடித்து, புறப்பட்ட இடத்தைக் கணக்கிடுகின்றன. இத்தகைய மூலக்கூறுக்கு டிரேசர் என்று பெயர். கார்பன்-11-இன் அரை ஆயுள் 20 நிமிடம்தான். சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் பிறந்து, ஆய்வகத்தில் மருந்தாகி, நோயாளியின் உடலில் ஏறுவது வரை எல்லாம் ஒரே வளாகத்தில், கடிகாரத்தைப் பார்த்தபடி நடக்க வேண்டும்.

சிறையிலிருந்து ஆய்வகத்துக்கு

அமெரிக்காவில் உருவான மருந்து முதலில் சுவீடனில் பரிசோதிக்கப்பட்டது ஏன்? இவ்வளவு சிறிய அளவை மனிதருக்குச் செலுத்திப் பார்க்கச் சுவீடனின் விதிகள் விரைவாக இடம் கொடுத்தன. உப்சாலாவில் பெங்ட் லாங்ஸ்ட்ரோம் தலைமையில் தேர்ந்த பெட் குழு இருந்தது. கரோலின்ஸ்கா நிறுவனத்தின் ஆக்னெட்டா நோர்ட்பெர்க் நோயாளிகளோடு வந்தார்.

அந்தக் குழுவில் ஸ்கேன் பணியை முன்னின்று செய்த மருத்துவர் ஹென்றி எங்லரின் வாழ்க்கை தனிக் கதை. உருகுவே நாட்டு மருத்துவ மாணவராக இருந்தபோது துப்பாமாரோஸ் கெரில்லா இயக்கத்தில் சேர்ந்தார். 1972-ல் பிடிபட்டார். ராணுவ ஆட்சி 'பிணைக் கைதிகள்' என்று ஒதுக்கிவைத்த ஒன்பது பேரில் அவரும் ஒருவர். பின்னாளில் அதிபரான ஹோசே முஹிகா இன்னொருவர். பெரும்பகுதி தனிமைச் சிறை. அதில் அவருடைய மனமே சிதைந்து, இல்லாத குரல்கள் கேட்டன. 1985-ல் விடுதலையானதும் சுவீடனுக்குப் போய், விட்ட படிப்பை முடித்தார். தன் மூளையே தன்னை ஏமாற்றியதைக் கண்டவர், அடுத்தவர் மூளையைப் படமெடுக்கும் துறையைத் தேர்ந்துகொண்டார்.

முதல் படம் தெளிவாக வந்தது. 16 நோயாளிகளையும் நலமாக இருந்த 9 பேரையும் ஒப்பிட்ட கட்டுரை 2004-ல் 'அன்னல்ஸ் ஆஃப் நியூராலஜி' இதழில் வெளியானது. நோயாளிகளின் முன்மூளைப் புறணியில் பிப் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தங்கியிருந்தது.

படம் கிளப்பிய கேள்வி

படம் கிடைத்ததும் விடை கிடைத்துவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்கள். ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் வேறு செய்திகள் வந்தன. ஞாபகசக்தியில் எந்தக் குறையும் இல்லாத முதியவர்களிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மூளையில் அமிலாய்டு தெரிந்தது. அந்த முதல் நோயாளி சில ஆண்டுகளில் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் கண்ட படிவுகள் ஸ்கேனோடு ஒத்துப்போயின. ஆனால் அவர் உயிரோடு இருந்தவரை நினைவு தேய்ந்துகொண்டே போக, ஸ்கேனில் அமிலாய்டின் அளவு அதிகம் மாறவே இல்லை. அமிலாய்டு சேர்வது அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கிவிடுகிறது. நோய் முற்றும் வேகத்தை அது சொல்வதில்லை.

அதைச் சொல்வது டௌ புரதம். அல்சைமர் அன்று கண்ட சிக்கல்கள் இதனால் ஆனவை. ஆனால் டௌ செல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. நோய்க்கு நோய் வடிவம் மாறுகிறது. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகக் குழு உருவாக்கிய ஒரு டிரேசர், டௌவோடு நில்லாமல் 'மாவோ-பி' என்ற நொதியிலும் போய் ஒட்டி ஆய்வாளர்களைக் குழப்பியது. இறுதியில் அமெரிக்காவில் 2020 மே மாதம் அனுமதி பெற்றது ஃப்ளோர்டௌசிபிர் என்ற டௌ டிரேசர். நினைவு மங்குவதோடு நெருக்கமாக இணைந்து போகும் படம் இதுதான்.

இதற்கிடையே அமிலாய்டு டிரேசர்களில் கார்பன்-11-க்குப் பதிலாக 110 நிமிட அரை ஆயுள் கொண்ட ஃப்ளோரின்-18 வந்து, சைக்ளோட்ரான் இல்லாத மருத்துவமனைகளுக்கும் வழி திறந்தது. 2012-ல் ஃப்ளோர்பெட்டாபிர் என்ற அத்தகைய டிரேசர் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு முன், வாழ்வின் கடைசி மாதங்களில் இருந்தவர்கள் ஸ்கேனுக்கும், இறந்தபின் தங்கள் மூளையைச் சோதிப்பதற்கும் சம்மதித்திருந்தார்கள். அவர்களுடைய படமும் திசுவும் ஒத்துப்போனதால்தான் அனுமதி கிடைத்தது.

மருந்து ஆய்வுகளின் முகமும் மாறியது. அமிலாய்டைக் குறிவைத்த சோலனெசுமாப் என்ற மருந்தின் ஆய்வுகள் தோற்றபின், ஸ்கேன் எடுக்கப்பட்ட லேசான அல்சைமர் நோயாளிகளில் ஏறத்தாழ கால்பங்கினருக்கு அமிலாய்டே இல்லை என்பது தெரிந்தது. இல்லாத எதிரியோடு மருந்து எப்படிப் போராடும்? 2023 ஜூலையில் அமெரிக்காவில் முழு அனுமதி பெற்ற லெக்கனெமாப் என்ற அமிலாய்டு எதிர்ப்பு மருந்தின் ஆய்வில், அமிலாய்டு உறுதியானவர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டார்கள். படிவுகள் வெகுவாகக் கரைந்தன. நோய் முற்றும் வேகமோ 18 மாதங்களில் 27 சதவீதம்தான் குறைந்தது; போன நினைவு திரும்பவில்லை.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. சாவி வைத்த இடம் மறந்துபோனது என்பதற்காக இந்த ஸ்கேன் தேவையில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு இதை எடுக்க வேண்டாம் என்றே 2013-ல் அமெரிக்க வல்லுநர் குழு பரிந்துரைத்தது. வீட்டில் ஒருவருக்கு மறதி அன்றாட வேலைகளையே குலைக்கத் தொடங்கினால், முதலில் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்களை அவர் முதலில் தேடுவார்.

அடுத்த வாரம்: பார்க்கின்சன் நோயின் ஆல்ஃபா சைனுக்ளின் புரதம் ஏன் இன்னும் படத்தில் தெளிவாகச் சிக்காமல் நழுவுகிறது?