விபத்தில் சிக்கிய பயணி யாரிடம் நட்டஈடு கேட்பது?

கைத்தொலைபேசியின் திரையில் விரலை வைத்தால் சில நிமிடங்களில் முச்சக்கர வண்டியோ, காரோ, மோட்டார் சைக்கிளோ வீட்டு வாசலில் வந்து நிற்கும் காலம் இது. 2015ஆம் ஆண்டில் பிக்மி, ஊபர் ஆகிய சேவைகள் கொழும்பில் கால்பதித்த பின்னர் நகரவாசிகளின் பயணப் பழக்கமே மாறிவிட்டது. வெள்ளவத்தையிலிருந்து வைத்தியசாலைக்குச் செல்லும் முதியவரும், மருதானையில் கடையைப் பூட்டிவிட்டு இரவில் வீடு திரும்பும் வர்த்தகரும் இன்று கட்டணப் பேரம் பேசுவதில்லை. ஏறுவதற்கு முன்னரே கட்டணம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்கின்றனர். ஆனால், அந்த வாகனம் விபத்துக்குள்ளாகித் தமது கால் முறிந்தால் அதற்கான செலவை யார் ஏற்பார் என்பதை எவரும் பார்ப்பதில்லை.

இலங்கையில் வீதி விபத்துகளால் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழக்கின்றனர். காயமடைந்து, மாதக்கணக்கில் தொழிலுக்குச் செல்ல இயலாது வீட்டில் முடங்குவோர் அதனிலும் பன்மடங்கினர். அவர்களுள் பலர் நட்டஈடு கோருவதே இல்லை. அதற்கு அவர்கள் கூறும் காரணங்கள் இரண்டு. ஒன்று, நடந்தது விதி என்பது. மற்றையது, சாரதியும் நம்மைப் போன்ற ஏழைதானே, அவரிடம் எதைக் கேட்பது என்பது. இரண்டாவது காரணத்தில் உள்ள மனிதாபிமானத்தை நாம் மதிக்கின்றோம். ஆயினும் அதில் ஒரு தவறான புரிதல் உண்டு. நட்டஈடு கோருவது சாரதியைப் பழிவாங்குவது ஆகாது. காயமடைந்தவரின் குடும்பமும் சாரதியின் குடும்பமும் ஒருசேர நடுத்தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வாகனக் காப்புறுதியைச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கின்றது.

முதலில் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். ஒருவரின் கவனயீனத்தால் மற்றொருவருக்குக் காயம் ஏற்பட்டால், காயப்படுத்தியவர் இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பது நமது நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம-டச்சுச் சட்டத்தின் கொள்கை. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வீதியில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்குகின்றது. விபத்து நேர்ந்தால் வாகனத்தை நிறுத்துவதும், காயமடைந்தவருக்கு உதவுவதும், தனது விபரங்களைத் தருவதும் சாரதியின் சட்டக் கடமைகளாகும்.

பின்னிருக்கையில் அமர்ந்து செல்லும் பயணிக்குச் சட்டத்தில் ஓர் அனுகூலம் உண்டு. வாகனத்தைச் செலுத்தியவர் அவரல்லர் என்பதால், விபத்துக்கான பழி பெரும்பாலும் அவர்மீது விழுவதில்லை. தவறு தமது சாரதியுடையதாயினும், எதிரே வந்தவருடையதாயினும், இருவருடையதாயினும் அவர் நட்டஈடு கோரலாம். இருவரும் தவறிழைத்திருப்பின் இருவரையும் எதிராளிகளாக்கலாம். எனினும், மோட்டார் சைக்கிளில் தலைக்கவசமின்றிச் சென்றவர் தலையில் காயமடைந்தால், அவரது சொந்தக் கவனயீனத்தின் அளவுக்கு நட்டஈடு குறைக்கப்படக்கூடும். பங்களிப்புக் கவனயீனம் தொடர்பான 1968ஆம் ஆண்டின் சட்டம் இதற்கு இடமளிக்கின்றது.

அடுத்த வினா, யாரிடம் கேட்பது என்பதாகும். சாதாரண விபத்தொன்றில் சாரதி, வாகன உரிமையாளர், காப்புறுதி நிறுவனம் என மூன்று தரப்பினர் உள்ளனர். செயலிமூலம் அழைக்கப்பட்ட வாகனத்தில் நான்காவது தரப்பாகச் செயலி நிறுவனம் வந்து சேர்கின்றது. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது. சாரதி தமது ஊழியர் அல்லர், அவர் சுயாதீனமாகத் தொழில் செய்பவர், தாம் பயணியையும் சாரதியையும் இணைத்துவைக்கும் இடைத்தரகர் மாத்திரமே என்பது இத்தகைய நிறுவனங்கள் உலகெங்கும் எடுத்துவரும் நிலைப்பாடாகும். ஊழியர் இழைத்த தவறுக்கு முதலாளி பொறுப்பு என்ற கோட்பாடு தம்மைத் தொடாதவாறு அவை இட்டுக்கொண்ட வேலி அது.

பயணி செயலியைத் தரவிறக்கியபோது வாசிக்காமலேயே ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளுள் இந்த வேலியும் அடங்கியிருக்கும். அதைக் காட்டியவுடன் பலர் பின்வாங்கிவிடுகின்றனர். ஆனால், 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் ஒன்றை நாம் மறந்துவிடலாகாது. தொழில் நடத்தும் ஒருவர், தமது கவனயீனத்தால் விளைந்த மரணத்துக்கோ உடற்காயத்துக்கோ உரிய பொறுப்பை ஒப்பந்த வாசகம் ஒன்றின் மூலம் தட்டிக்கழித்துவிட முடியாது என்பது அச்சட்டத்தின் சாரம். நிறுவனம் கவனயீனமாக நடந்ததா என்பது தனியே நிரூபிக்கப்பட வேண்டியதே. எனினும், நிபந்தனையில் எழுதியிருக்கின்றது என்ற ஒற்றை வரியுடன் விடயம் முடிந்துவிடுவதில்லை.

காப்புறுதியிலும் ஒரு பொறி உண்டு. சொந்தப் பாவனைக்கெனக் காப்புறுதி செய்யப்படும் வாகனமும் வாடகைக்கு ஓடுவதற்கெனக் காப்புறுதி செய்யப்படும் வாகனமும் ஒன்றல்ல. வாடகைக்கு ஓடும் வாகனத்துக்குக் கட்டுப்பணம் அதிகம் என்பதால், சொந்தப் பாவனைக் காப்புறுதியுடனேயே பயணிகளை ஏற்றுவோரும் உளர். விபத்து நேர்ந்ததும், பத்திரத்தில் கூறப்படாத தேவைக்கு வாகனம் பயன்படுத்தப்பட்டது என்று காப்புறுதி நிறுவனம் கைவிரிக்க முற்படலாம். ஆகவே, காப்புறுதிச் சான்றிதழில் எந்தப் பாவனை குறிக்கப்பட்டிருக்கின்றது என்பதை ஆரம்பத்திலேயே அறிந்துகொள்ள வேண்டும். செயலி நிறுவனம் பயணிகளுக்கென விபத்துக் காப்புறுதி ஏதேனும் வைத்திருக்கின்றதா, அதன் உச்சவரம்பு என்ன, எத்தனை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும் என்பனவற்றையும் எழுத்துமூலம் கேட்க வேண்டும்.

இனி, காயமடைந்தவரோ அவரது உறவினரோ செய்ய வேண்டியவற்றைக் கூறுவோம். உயிரைக் காப்பதே முதற்கடமை. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை கட்டணமின்றிக் கிடைக்கும். பொலிஸ் அவசர இலக்கம் 119 ஆகும். காயம் சிறியதெனத் தோன்றினாலும் வைத்தியசாலையில் காட்டிப் பதிவுசெய்துகொள்ள வேண்டும். விபத்தில் ஏற்பட்ட காயம் என்பதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும், வைத்தியசாலையிலிருந்து வெளியேறும்போது தரப்படும் அட்டையும், மருந்துச் சிட்டைகளும் பின்னர் நீதிமன்றில் பேசும் சாட்சிகளாகும். வாகன இலக்கத்தகடு, வாகனங்கள் நின்ற நிலை, கண்ணாடியில் ஒட்டப்பட்டுள்ள பத்திரங்கள் என்பனவற்றைப் படம் பிடித்து வைப்பதும், கண்டவர்களின் தொலைபேசி இலக்கங்களைப் பெறுவதும் அவசியம்.

செயலியில் உள்ள பயணப் பதிவு இவ்விடத்தில் பேருதவி புரியும். திகதி, நேரம், சாரதியின் பெயர், வாகன இலக்கம், சென்ற பாதை, கட்டணம் யாவும் அதில் பதிவாகியிருக்கும். வீதியில் கைகாட்டி ஏறிய முச்சக்கர வண்டியில் இந்தச் சாட்சி கிடையாது. அப்பதிவை உடனே படமாகச் சேமித்துக்கொண்டு, விபத்தைச் செயலி ஊடாகவே நிறுவனத்துக்கும் அறிவிக்க வேண்டும். செயலியை இரத்துச் செய்துவிட்டுக் காசுக்குப் போகலாம் என்று சில சாரதிகள் கேட்பதுண்டு. அதற்கு இணங்குபவர் சில ரூபாய்களை மிச்சப்படுத்தலாம். ஆனால், தமது பயணத்துக்கான ஆதாரத்தையும் செயலி நிறுவனத்திடம் கோரும் வாய்ப்பையும் அவர் அதே கணத்தில் இழந்துவிடுகின்றார்.

பொலிஸ் முறைப்பாடு தொடர்பில் தமிழ் பேசும் மக்கள் விசேட கவனம் செலுத்த வேண்டும். தலைநகரில் வாக்குமூலங்கள் பெரும்பாலும் சிங்களத்திலேயே எழுதப்படுகின்றன. என்ன எழுதப்பட்டது என்று அறியாமலே ஒப்பமிட்டுவிட்டு வந்த நம்மவர் பலர். வாகனம் வேகமாக வந்தது என்று அவர் சொன்னது அங்கு எழுதப்பட்டதா என்பது, வழக்கு வரும்வரை அவருக்கே தெரியாது. தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. அரச அலுவலர்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பு உறுதிப்படுத்தியிருக்கின்றது. தமிழில் பதிவுசெய்யுமாறு கேட்கலாம். அது இயலாதெனில், எழுதியதை வாசித்து விளக்குமாறு கேட்டு, அதன் பின்னரே ஒப்பமிட வேண்டும். முறைப்பாட்டின் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பின்னர் பெற்றுக்கொள்ள வேண்டும்.

சாரதிமீது நீதவான் நீதிமன்றில் வழக்குத் தொடரப்பட்டு அவருக்குத் தண்டம் விதிக்கப்பட்டால் நட்டஈடும் கிடைத்துவிடும் எனப் பலர் எண்ணிக் காத்திருக்கின்றனர். அது வேறு, இது வேறு. தண்டப்பணம் அரசுக்குச் செல்வது. முழுமையான நட்டஈடு வேண்டுமாயின் மாவட்ட நீதிமன்றில் குடியியல் வழக்குத் தொடர வேண்டும், அல்லது அதற்கு முன்னரே காப்புறுதி நிறுவனத்துடன் இணக்கத்துக்கு வர வேண்டும். மருத்துவச் செலவு, இழந்த வருமானம், எதிர்காலத்தில் குறையவுள்ள உழைப்பு, உடல் வேதனை என்பன கோரத்தக்கவை. விபத்தில் ஒருவர் உயிரிழந்தால், அவரது உழைப்பில் தங்கியிருந்தவர்கள் இழந்த ஆதரவுக்காகக் கோரலாம். நாட்கூலித் தொழிலாளியும், வீட்டிலிருந்து தையல் செய்யும் பெண்ணும், நடைபாதை வியாபாரியும் சம்பளச் சிட்டை இல்லாதவர்கள். கணக்குக் கொப்பி, வங்கிப் புத்தகம், தொழில் கொடுத்தவரின் கடிதம், கொள்வனவாளரின் சாட்சியம் ஆகியன அவர்களுக்குக் கைகொடுக்கும்.

மூன்று எச்சரிக்கைகள் அவசியம். முதலாவது, கட்டிலில் படுத்திருக்கும்போது சிறு தொகையைக் கையில் தந்து, இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை என்ற கடிதத்தில் ஒப்பம் கேட்பார்கள். காயம் எவ்வாறு ஆறும் என்பது தெரியுமுன் அதில் ஒப்பமிடலாகாது. இரண்டாவது, காலாவதி தொடர்பான 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இத்தகைய வழக்கை 2 ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். பேச்சுவார்த்தை நடக்கின்றது என்பதற்காக அந்தக் கடிகாரம் நின்றுவிடுவதில்லை. மூன்றாவது, வழக்குத் தொடர்வதற்கு முன்னரோ, தொடர்ந்து 7 நாட்களுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்தல் கொடுக்கப்பட வேண்டும். இது தவறினால், வழக்கில் வென்றும் பணத்தைக் காப்புறுதியிடம் பெற முடியாமற் போகலாம். சட்டத்தரணியை அமர்த்த வசதியில்லாதோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

தனிமனிதரின் விழிப்புணர்வு மாத்திரம் போதுமா? போதாது என்பதே நமது கருத்து. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2014இல் இயற்றிய சட்டத்தின் மூலம் பயணத்தைப் படிநிலைகளாகப் பிரித்தது. சாரதி அழைப்பை ஏற்ற கணத்திலிருந்து பயணி இறங்கும்வரை 10 இலட்சம் டொலர் பொறுப்புக் காப்புறுதி இருக்க வேண்டும் என அது விதித்தது. பிரித்தானிய உச்ச நீதிமன்றம் 2021 பெப்ரவரியில் ஊபர் சாரதிகள் தொழிலாளர்களே எனத் தீர்ப்பளித்தது. அது விபத்து நட்டஈடு பற்றிய தீர்ப்பன்று. ஆயினும், வெறும் இடைத்தரகர் என்ற வாதத்தை நீதிமன்றம் அப்படியே விழுங்கிவிடவில்லை என்பது கவனத்துக்குரியது. அயல்நாடான இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் விபத்து நட்டஈட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் உள்ளன. காயமடைந்தவர் தாம் வசிக்கும் பிரதேசத்திலேயே அங்கு கோரிக்கையை முன்வைக்கலாம்.

நமது நாட்டில் காயமடைந்தவர் காணி வழக்குகளுடனும் கடன் வழக்குகளுடனும் வரிசையில் நின்று ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியுள்ளது. காலில் கட்டுடன் வீட்டிலிருக்கும் குடும்பத் தலைவர் அத்தனை காலம் எதை உண்பார்? செயலியில் இணைக்கப்படும் ஒவ்வொரு வாகனமும் வாடகைப் பாவனைக்கான காப்புறுதியைக் கொண்டிருப்பதை நிறுவனமே உறுதிப்படுத்த வேண்டும். காப்புறுதியின் விபரம் கட்டணத்தின் பக்கத்திலேயே பயணிக்குக் காட்டப்பட வேண்டும். விபத்து நட்டஈட்டு வழக்குகளை விரைந்து தீர்க்கத் தனியான பொறிமுறை ஒன்று வேண்டும். ஒவ்வொரு பயணத்திலும் தமது பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், பயணத்தின் ஆபத்திலும் பங்கேற்பதே நியாயம்.

அதுவரை, உரிமையைக் கேட்பதற்கு எவரும் கூச்சப்பட வேண்டியதில்லை. சாரதியின்மீது இரக்கம் இருக்கட்டும். அந்த இரக்கத்தின் பெயரால் நமது பிள்ளைகளின் உணவையும் கல்வியையும் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கூறவில்லை.