விரால் மீனில் சிவப்புப் புண்: ஆற்று மீன்கள் குறைய இந்த நோயும் காரணமா?

மழை முடிந்து குளிர் தொடங்கும் நேரத்தில், ஆற்றிலும் ஏரியிலும் பிடிபடும் விரால், கெண்டை மீன்களின் உடம்பில் சிவப்புப் புண்களை நீங்கள் பார்த்திருக்கலாம். ‘தண்ணி கெட்டுப்போச்சு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். ஆனால், அது ஒரு தொற்றுநோயாகவும் இருக்கலாம்.

அது என்ன நோய்?

இதன் பெயர் எபிசூட்டிக் அல்சரேட்டிவ் சிண்ட்ரோம், சுருக்கமாக இ.யு.எஸ். அஃபனோமைசஸ் இன்வாடன்ஸ் என்ற நீர்ப்பூஞ்சைதான் காரணம். இதன் வித்துகள் தண்ணீரில் நீந்திச் சென்று மீனின் தோலில் ஒட்டும். பிறகு சதைக்குள் ஊடுருவி அரிக்கும். 1971-ல் ஜப்பானில் முதலில் பதிவான இந்நோய், 1988-ல் வடகிழக்கு மாநிலங்களுக்குள் நுழைந்து, சில ஆண்டுகளில் கேரளா வரை பரவியது. மனிதர்களுக்கும் தொற்றுமோ என்ற பயத்தில் பலர் மீன் வாங்குவதையே நிறுத்த, மீனவர்களின் பிழைப்பு அடிபட்டது.

நோய் மட்டும்தான் காரணமா?

இல்லை. கனமழை, திடீர்க் குளிர், அமிலத்தன்மை கூடிய தண்ணீர் ஆகியவை மீனின் தோலையும் எதிர்ப்புச் சக்தியையும் பலவீனமாக்கும்போதுதான் கிருமிக்கு வழி கிடைக்கிறது. தாய் மீன்கள் போதுமான அளவு மிஞ்சினால் இனம் மீண்டுவிடும். அதிகப்படியான மீன்பிடி, அணை, மாசு ஆகியவற்றால் ஏற்கெனவே குறைந்துபோன இனமென்றால் மீள்வது கஷ்டம். இன்னொரு சிக்கலும் உண்டு: வெளிநாட்டு மீனான திலேப்பியா இந்நோயைத் தாங்கும். நாட்டு விரால் தாங்காது.

மருந்து இல்லையா?

குளம் என்றால் சுண்ணாம்பு போடலாம். புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் உருவாக்கிய சிஃபாக்ஸ் மருந்தும் இருக்கிறது. ஓடுகிற ஆற்றில் இதெல்லாம் நடக்காது. செத்த மீன்கள் அடித்துச் செல்லப்படும், பறவைகள் தின்றுவிடும். அதனால் எத்தனை செத்தன என்ற கணக்கும் கிடைக்காது.

சாப்பிடலாமா?

இந்தப் பூஞ்சை மனிதர்களைத் தாக்காது. 37 டிகிரி வெப்பத்தில் அது வளராது. ஆனால் புண்ணில் வேறு பாக்டீரியாக்கள் இருக்கலாம் என்பதால், புண் உள்ள மீனைத் தவிர்ப்பதே நல்லது.

நீங்கள் என்ன செய்யலாம்?

புண் உள்ள மீனை வேறு நீர்நிலையில் விடாதீர்கள். வலையையும் கூடையையும் நன்றாகக் காயவைத்த பிறகே அடுத்த இடத்தில் பயன்படுத்துங்கள். மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். மத்திய அரசு 2023-ல் வெளியிட்ட ‘ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்’ செயலியிலும் மீன் நோய் பற்றித் தெரிவிக்கலாம்.