தேர் நிலைக்கு வரும்வரை

கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, கல்வராயன் மலையடிவாரப் பட்டறைகளில் எல்லோரும் செதுக்கும் நேர்த்தியைப் பேசினோம். எனக்கு, முன்னோர் கோயில் வேலையை முடித்த முறை அதைவிடப் பெரிது.

தேரைப் பாருங்கள். இலுப்பை மரம் அறுத்து, அச்சு ஏற்றி, யாளியும் குதிரையும் பொருத்தினாலும் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. சாமியை ஏற்றாமல் வீதியில் வெள்ளோட்டம் விடவேண்டும். என் தாத்தா வடம் பிடிக்கப் போகமாட்டார். சக்கரத்தை ஒட்டியே நடப்பார். அச்சு முனகுகிறதா, திருப்பத்தில் தேர் முட்டுக்கட்டைக்கு அடங்குகிறதா, எந்த ஆப்பு தளர்ந்தது, எல்லாம் அன்றே தெரிந்துவிடும். திருவிழாக் கூட்டத்தின் நடுவே தெரிந்தால் உயிர் போகும். தேர் நிலைக்கு வந்தபின் திருத்தம். அதன்பிறகே ஸ்தபதிக்கு மரியாதை, கூலிக் கணக்கு.

திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்தது. புதுத்தேர் 1930இல் ஓடியது. 1948க்குப் பின் நின்ற ஓட்டம் 1970இல் மீண்டது. பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்தன. ஆனாலும் 2015இல் புதுப்பித்த தேருக்கு வெள்ளோட்டம் விட்டார்கள். அதை யாரும் கைவிடவில்லை என்பதில் எனக்குப் பெருமை.

பார்சலில் போகும் எங்கள் மரச் சிலைகளுக்கு அப்படியொரு வெள்ளோட்டம் இல்லை; குறை பின்னால்தான் தெரியவரும். அதனால்தான் பட்டறைப் பிள்ளைகளிடம் வற்புறுத்துகிறேன்: அளவுத் தாள், மாதிரிப் பலகை, என்ன மரம் என்ற குறிப்பு மூன்றும் சிலை கிளம்பிய அன்றே பட்டறைப் பெட்டியில் சேரவேண்டும். பத்து வருடம் கழித்து விரல் உடைந்து திரும்பி வந்தால், அதே மரத்தில் அதே அளவில் பொருத்திக் கொடுக்கலாம்.