பின்வளவில் நாலு செடி



நேயர் நேரத்தில் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் வருமான வரி, ஓய்வூதியம், வீட்டுக் கடன் என்று என் தொழிலைச் சுற்றியே இருக்கும். அண்மைய ஆண்டுகளில், தோட்டம் தொடங்கும் மே மாதம் வந்தால் இன்னொரு கேள்வியும் வருகிறது. "தம்பி, பேரன் தக்காளிப் பாத்திக்குள்ளை ரெண்டு கஞ்சாக் கண்டு நட்டிருக்கிறான். கேட்டால், இப்ப சட்டம் விடுது அம்மம்மா எண்டுறான். உண்மையோ?" என்று ஒரு தாயார் கேட்டார். இன்னொருவர், கத்தரிக்குப் பக்கத்தில் அதை வைத்தால் பூச்சி அண்டாதாமே என்று விசாரித்தார்.

பேரன் சொன்னது ஒன்ராறியோவைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் "சட்டம் விடுது" என்ற இரண்டு சொல்லோடு இந்தக் கதை முடிந்துவிடாது. ஏனென்றால் கனடாவில் போதைப்பொருள் சட்டம் எழுதத் தொடங்கிய காலத்திலிருந்தே, அது இங்கே பிறந்தவனை ஒரு கண்ணாலும் வெளியிலிருந்து வந்தவனை இன்னொரு கண்ணாலும் பார்த்து வந்திருக்கிறது. நாம் வெளியிலிருந்து வந்தவர்கள். ஆகவே அந்தக் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்பது நல்லது.

ஒரு காலத்தில் இந்தச் செடியை வளர்க்கச் சொல்லி அரசாங்கமே மன்றாடியது. இன்றைய கியூபெக், பிரான்சின் குடியேற்றமாக இருந்த 1660களில், அங்கே நிர்வாகியாக இருந்தவர் ஜோன் தலோன். அவருக்குச் சணல் வேண்டும். சணல் என்று இங்கே நான் சொல்வது கஞ்சா இனத்துச் செடியின் நாரை. போதைக்காக வளர்ப்பதும் நாருக்காக வளர்ப்பதும் ஒரே இனத்தின் வேறு வேறு வகைகள். குடியானவர்கள் அதை விளைவிக்கத் தயங்கியபோது, கடைகளில் இருந்த தையல் நூலை எல்லாம் தலோன் கைப்பற்றி வைத்துக்கொண்டார். நூல் வேண்டுமென்றால் சணலைக் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். பின்னர் ஆங்கிலேயர் காலத்தில், 1801ல், இன்றைய ஒன்ராறியோவான மேல் கனடாவின் ஆளுநர் விவசாயிகளுக்குச் சணல் விதையை இலவசமாகக் கொடுத்தார். பிரித்தானியக் கடற்படையின் கயிறும் பாயும் அந்த நாரினால் ஆனவை.

அதே ஆங்கிலேயர் இந்தியாவில் செய்ததையும் பார்ப்போம். 1893ல் அவர்கள் ஒரு ஆணைக்குழுவை அமைத்து, கஞ்சாவினால் உடலுக்கும் மனதுக்கும் சமூகத்துக்கும் கேடு உண்டா என்று விசாரித்தார்கள். சென்னை மாகாணம் உட்பட நாடெங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகள். வீட்டு வளவுகளில் ஒன்றிரண்டு செடியாக வளர்க்கும் வழக்கத்தையும் அது கவனித்தது. 1894ல் ஏழு தொகுதிகளாக வந்த அறிக்கையின் முடிவு: அளவான பாவனையால் பெரிய தீங்கில்லை, முற்றாகத் தடை செய்ய வேண்டாம், உரிமமும் வரியும் போட்டுக் கட்டுப்படுத்துங்கள் என்பது. கணக்காளன் என்ற வகையில் அந்த வரி விஷயத்தை நான் கவனிக்காமல் விடமுடியாது. அரசுக்கு வருமானம் வரும் பொருள் என்றால் அதன் தீமை சற்றுக் குறைந்தே தெரியும்.

அந்தச் சொல்லும் நம் பக்கத்திலிருந்துதான் கடல் கடந்தது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாக ஜமெய்க்காவுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்களோடு "கஞ்சா" என்ற சொல்லும் போய், அங்கே "கான்ஜா" என்று நிலைத்தது. இன்று ஸ்காபரோவில் வேலிக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஜமெய்க்கா நாட்டவரும் நாமும் இந்தச் செடிக்கு ஒரே பெயரைத்தான் சொல்கிறோம்.

இப்போது கனடாவில் கதை எப்படித் திரும்பியது என்று பார்ப்போம். 1907 செப்டெம்பரில் வன்கூவரில் ஆசிய நாட்டவருக்கு எதிராகக் கலவரம் நடந்தது. சீனர், ஜப்பானியரின் கடைகள் உடைக்கப்பட்டன. நட்டஈடு எவ்வளவு என்று மதிப்பிட அரசு அனுப்பிய அதிகாரி, பின்னாளில் பிரதமரான மக்கென்சி கிங். நட்டஈடு கேட்டவர்களில் அபின் தயாரிக்கும் சீன வணிகர்களும் இருந்தார்கள். அடிவாங்கியவர்களுக்கு நட்டஈடு கணக்குப் பார்க்கப் போனவர், அபினைப் பற்றி அறிக்கை எழுதினார். 1908ல் கனடாவின் முதல் போதைப்பொருள் சட்டம் பிறந்தது. கலவரத்தில் பாதிக்கப்பட்ட சமூகத்தின் மேலேயே சட்டத்தின் பார்வை விழுந்தது.

1922ல் எட்மன்ரன் நகர நீதவான் எமிலி மேர்பி ஒரு புத்தகம் வெளியிட்டார். போதைப்பொருளை வெளிநாட்டவர் கொண்டுவந்த ஆபத்தாகக் காட்டிய அந்தப் புத்தகத்தில் கஞ்சாவுக்கும் ஒரு அத்தியாயம் இருந்தது. அடுத்த ஆண்டு, 1923ல், கஞ்சா தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஏன் சேர்க்கிறோம் என்று பாராளுமன்றத்தில் விவாதம் நடக்கவில்லை. அப்போது இந்த நாட்டில் கஞ்சா புகைத்தவர்கள் மிகச் சிலரே. அதே 1923ல்தான் சீனர் இங்கே குடியேறுவதை ஏறக்குறைய முற்றாகத் தடுத்த சட்டமும் வந்தது. அத்தோடு, போதைப்பொருள் குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்தும் ஏற்பாடு அதற்கு முந்திய ஆண்டே சட்டத்தில் சேர்ந்திருந்தது. அடுத்த பத்து ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான சீனர்கள் அப்படித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே குற்றத்துக்கு இங்கே பிறந்தவன் சிறை முடிந்து தன் வீட்டுக்குப் போனான். சீனன் சிறை முடிந்து கப்பல் ஏறினான். நேயர்கள் இந்த இடத்தை மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் 1929ல் வந்த நச்சுப்பொருள், அபின், அபாயகரமான மருந்துகள் கட்டளைச்சட்டம் கஞ்சாப் பயிர்ச்செய்கையைக் குற்றமாக்கியது. கனடாவில் 1938ல் நாருக்காகச் சணல் வளர்ப்பதும் தடைசெய்யப்பட்டது. ஒரு காலத்தில் விதையை இலவசமாகக் கொடுத்த நாட்டில் அறுபது ஆண்டுகள் அந்தச் செடி நிலத்தில் நிற்க முடியவில்லை. 1998ல்தான் சணல் பயிருக்கு மீண்டும் அனுமதி வந்தது. 1969ல் நியமிக்கப்பட்ட லெ டெயின் ஆணைக்குழு, கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதற்குத் தண்டனை வேண்டாம் என்று 1972ல் பரிந்துரைத்தது. அந்த அறிக்கை அலுமாரிக்குள் போனது.

கதவைத் திறந்தவர்கள் நோயாளிகள். வலிப்பு நோயைத் தணிக்கத் தன் வீட்டில் கஞ்சா வளர்த்த ஒருவரின் வழக்கில், 2000ம் ஆண்டு ஜூலை 31ம் திகதி ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு மருத்துவக் கஞ்சா விதிகள் வந்தன. இடையில் 2014ல் நோயாளிகள் வீட்டில் வளர்ப்பதை அரசு நிறுத்தப் பார்த்தது. 2016ல் கூட்டாட்சி நீதிமன்றம் அது செல்லாது என்றது. கடைசியாக 2018 ஒக்ரோபர் 17ம் திகதி முதல், மருத்துவர் துண்டு இல்லாமலே ஒரு வீட்டில் நாலு செடி வளர்க்கலாம் என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்தது. கியூபெக்கும் மனிரோபாவும் மறுத்தன. கியூபெக்கின் தடை செல்லும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனிரோபா 2025ல் தன் தடையை எடுத்துவிட்டது. ஆகவே ஸ்காபரோ அண்ணனும் மொன்றியல் தம்பியும் ஒரே செடியை நட்டால், அண்ணன் தோட்டக்காரன், தம்பி தண்டம் கட்டவேண்டியவன்.

இனித் தோட்டத்துக்கு வருவோம். பூச்சி அண்டாது என்பது வெறும் பேச்சு. இலையின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் நுண்ணிய சிலந்திப் பூச்சி கத்தரியிலும் பயற்றையிலும் கஞ்சாவிலும் ஒன்றுபோலவே வாழும். ஒன்றில் வந்தால் மற்றதுக்கும் போகும். நிலத்தில் நட்ட செடி ஆளுயரத்துக்கு மேல் வளரும், ஆகவே தெற்குப் பக்கம் வைத்தால் மிளகாய்க்கும் தக்காளிக்கும் வெயில் விழாது. ஓகஸ்டில் இரவு நீளும்போதுதான் அது பூக்கத் தொடங்கும். புரட்டாசி மழைக்குள் பூ முற்றுவதால் சாம்பல் நிறப் பூஞ்சணம் பிடித்து அழுகுவதும் உண்டு. தக்காளிக்கு அடிக்கும் மருந்தை இதற்கு அடிப்பது ஆபத்து. தக்காளியைக் கழுவித் தின்கிறோம், இதைப் பொசுக்கி மூச்சில் இழுக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், நம் வீடுகளில் அம்மம்மாமார் பாத்திக்குள் இறங்கிக் கைக்கு வந்த கீரையை ஆய்ந்து வறை வறுப்பவர்கள். கஞ்சா இலையில் இருக்கும் சத்து பச்சையாக இருக்கும்போது அவ்வளவாக மயக்காது. சூடு பட்டால்தான் அது போதைப்பொருளாக மாறும். அடுப்புச் சட்டி அந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே வளர்க்கத்தான் வேண்டும் என்றால் கீரைப் பாத்திக்குத் தூரத்தில், தனிச் சாடியில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இலையைப் பார்த்து ஏமாறுவது அம்மம்மாமார் மட்டுமல்ல. 2014 ஒக்ரோபரில் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் போதைத் தடுப்புப் பொலிசார் ஹெலிகொப்டரிலிருந்து பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டு வாசலில் ஆயுதங்களோடு வந்து நின்றார்கள். அங்கே வளர்ந்து நின்றவை வெண்டிச் செடிகள்.

இனி நான் குறித்து வைக்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். நாலு செடி என்பது வீட்டுக்கு நாலு. ஆளுக்கு நாலு அல்ல. தாய் தகப்பன், மகன் மருமகள், வளர்ந்த பேரன் என்று ஐந்து பெரியவர்கள் ஒரு கூரையின் கீழ் இருந்தாலும் நாலுதான். விதையும் கன்றும் சட்டப்படியான கடையில் வாங்கியதாக இருக்கவேண்டும். விளைந்ததை விற்கக்கூடாது. ஐந்து, ஆறு செடி என்றால் பொலிசார் தண்டத் துண்டோடு விடலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். அதற்கு மேல் போனால் குற்ற வழக்கு. அளவுக்கு மீறி வளர்த்தலுக்கும் விற்றலுக்கும் சட்டத்தில் இருக்கும் உச்சத் தண்டனை 14 ஆண்டுச் சிறை. நடைமுறையில் நீதிபதி கொடுப்பது சிறு தண்டமாகவே இருக்கலாம். ஆனால் குடிவரவுச் சட்டம் பார்ப்பது கொடுத்த தண்டனையை மட்டுமல்ல. 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் உச்சத் தண்டனை உள்ள குற்றத்தில் கனடாவில் தீர்ப்பானால், நிரந்தர வதிவிடம் பெற்றவரும் "கடுமையான குற்றவாளி" என்ற வகைக்குள் வருவார். நாட்டில் இருக்கும் தகுதியே கேள்விக்குள்ளாகும். ஆறு மாதமோ அதற்கு மேலோ சிறை விழுந்தால் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமையும் இல்லை. கஞ்சா மயக்கத்தில் வாகனம் ஓட்டிய குற்றமும் 2018 டிசம்பரிலிருந்து இதே வகைக்குள் வந்துவிட்டது.

குடியுரிமை பெற்ற பக்கத்து வீட்டுக்காரருக்கு அது ஒரு வழக்கு. குடியுரிமை எடுக்காத நம் உறவுக்காரருக்கு அது ஒரு வாழ்க்கை. 1923க்கும் இன்றைக்கும் நூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது. அந்த இரண்டு வரிக் கணக்கு மட்டும் இன்னும் மாறவில்லை.

என் மேசைக்கு வரிப் பத்திரங்களோடு வருபவர்களில், இருபது, இருபத்தைந்து ஆண்டுகளாக நிரந்தர வதிவிட அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பவர்கள் பலர். வேலை, பிள்ளைகள், ஆங்கிலப் பரீட்சைப் பயம் என்று குடியுரிமை தள்ளிப்போகும். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு மொழிச் சான்றும் அறிவுப் பரீட்சையும் தேவையில்லை என்பது பலருக்குத் தெரியாது. பேரன் செடி நடும் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், முதலில் அந்த விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

வேறு சில குறிப்புகள். வாடகை வீடு, அடுக்குமாடி என்றால் ஒப்பந்தத்தைப் பாருங்கள், அதில் தடை இருக்கலாம். எந்த நாட்டு எல்லையையும் கஞ்சாவோடு கடக்கக்கூடாது. அமெரிக்க மத்திய அரசின் சட்டத்தில் அது இன்னும் கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள்தான், அந்நாட்டு எல்லையில் ஒருவரைத் திருப்பி அனுப்ப அது போதும். ஊருக்குப் போகும் பயணப் பெட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. நோய்க்காகப் பாவிப்பவர்கள் மருத்துவரிடம் முறையாகப் பதிவு செய்யுங்கள். உரிமம் பெற்ற நிறுவனத்தில் வாங்கியதன் பற்றுச்சீட்டு இருந்தால் அதை மருத்துவச் செலவாக வரியில் காட்டலாம். மண்ணும் சாடியும் வாங்கிய துண்டைக் கொண்டுவராதீர்கள், அதற்குக் கழிவு கிடையாது.

பேரப்பிள்ளைகளைத் திட்டித் திருத்த முடியாது. அவர்கள் இந்த நாட்டுச் சட்டத்தைப் படித்துத்தான் பேசுகிறார்கள். இந்தச் சட்டத்தின் வரலாற்றை அவர்களுக்கு நாம் சொல்லலாம். வன்கூவர்ச் சீனரின் கதையைச் சொல்லுங்கள், கப்பல் ஏறியவர்களின் கதையைச் சொல்லுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து பின்வளவுக்குப் போய்ச் செடிகளை எண்ணிப் பாருங்கள். எனக்குக் கேட்டால் அந்த இடத்தில் இன்னும் நாலு கத்தரி வைக்கலாம் என்றுதான் சொல்வேன். அதை எத்தனை வைத்தாலும் எண்ணுவதற்கு ஒருவரும் வரமாட்டார்கள்.